ஐம்பத்து நாலாம் வருஷத்து ரோடு

"பெங்களூர் ஏர்போர்ட்ல இருந்து உன் வாசல் வரைக்கும் ஒரு ஆள்கிட்ட வழி கேக்கலக்கா."

ஒன்பது வருஷம் கழித்து நேரில் வந்து நின்ற என் தம்பி எரிக்கின் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. அப்பா செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றேன். மைசூரில், காந்திநகரில், இதே வீட்டில் இருந்துதான் அவன் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தான். நாலு வருஷம் சோறு தின்ற வீட்டுக்கு வர வழி காட்டுகிற மெஷின் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. துக்க வீட்டில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

கார் யாரோ பெங்களூர் நண்பனுடையதாம், வெள்ளை மாருதி. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் இவனே ஓட்டி வந்திருந்தான். முன்சீட்டில் ஒரு லேப்டாப் திறந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு வயர் போய், கண்ணாடிக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒட்டவைத்திருந்த ஒரு மஞ்சள் கருவியில் முடிந்தது. இன்னொரு வயர் சிகரெட் பற்றவைக்கிற துளையில். ஆகாயத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டிடம் கேட்டு, கார் எங்கே இருக்கிறது என்று மேப்பில் சிவப்பு அம்பு போட்டுக் காட்டுமாம். அவன் வேலை பார்க்கிற கம்பெனியே இதைத்தான் செய்கிறதாம். இதெல்லாம் தொண்ணூற்றெட்டாம் வருஷம் நவம்பரில். மைசூரில் அதுவரை நான் லேப்டாப்பை ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கண் டாக்டரிடம் பார்த்திருக்கிறேன்.

"அப்பா எங்க?" என்று அப்புறம் கேட்டான்.

நேற்று சாயந்திரமே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் வேன் பிடித்து, மரத்தூளும் ஐஸ் கட்டியும் போட்டு, பெட்டியோடு அருளப்பன்தொட்டிக்குப் போயிருந்தார். ஹனூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அது. அம்மாவின் கல்லறை அங்கே இருப்பதால் அப்பாவும் அங்கேதான் என்பது முடிவான விஷயம். எரிக் விமானத்தில் இருந்ததால் சொல்ல வழியில்லை. அவனைக் கூட்டிவர ஒருத்தர் நின்றாக வேண்டும். நான் நின்றேன்.

"நாலு மணிக்கு அடக்கம். சாமியாருக்கு அஞ்சரைக்கு வேற ஊர்ல பூசை இருக்குதாம். அதுக்கு மேல ஐஸும் தாங்காது. ஒரு வாய் காபி குடி, கிளம்பலாம்."

"காபி வேண்டாம். எனக்கு அப்பா முகத்தைப் பாக்கணும்," என்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்கு ஆணி அடிப்பதற்கு முன், செத்தவர் முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டு மூடுவது மகன். மகன் இல்லையென்றால் மருமகன். மகள் போடக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, சாமியாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊரில் போட்டதில்லை. அப்பா பக்கவாதம் வந்து பதினாலு மாதம் என் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். மலம் அள்ளினது நான், வாயில் கஞ்சி ஊற்றினது நான், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டதும் நான். அந்தத் துணியை நான் போடட்டுமா என்று வீட்டுக்காரர் மூலமாகக் கேட்டனுப்பினேன். மகன்தான் வருகிறானே, அவனுக்காக நாலு மணி வரை வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. ஆக, அப்பாவுக்கு நான் பார்த்தது வேலை, மகனுடையதுதான் உரிமை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். லேப்டாப்பை என் மடியில் வைத்து, "அம்பு கோட்டை விட்டு விலகினா சொல்லு," என்றான். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு புது வேலை. மடி சுட்டது. புடவைக்கு மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டேன். நரசிபுரா வரைக்கும் அவன் ரோட்டைப் பார்த்ததைவிட என் மடியைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு மாட்டுவண்டியை உரசப் பார்த்தான். காவிரிப் பாலத்தில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் போயிற்று.

"அக்கா, நேரா கொள்ளேகால்தானே?"

"பஸ் போற வழியிலயே போ. கொள்ளேகால், காமகெரே, ஹனூர். ஹனூர்ல யாரைக் கேட்டாலும் நம்ம ஊருக்கு வழி சொல்லுவாங்க."

"ஏன் கேக்கணும்? இங்க எல்லாரும் இப்படித்தான். பத்தடிக்கு ஒருத்தனைக் கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டறீங்க."

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பது பெரியவர்கள் சொன்னது. வாயை வைத்துக்கொண்டு இவன் அமெரிக்காவே போய்விட்டான், அதனால்தான் திரும்பி வரும்போது வாய் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"இந்த மேப்பு எங்க கிடைச்சுது?" என்றேன், பேச்சை மாற்ற.

அங்கே ஒரு யூனிவர்சிட்டி லைப்ரரியில் பழைய ராணுவ மேப் இருந்ததாம். அதை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான். மடியில் இருந்த லேப்டாப்பின் மவுஸ் பொத்தானில் என் கை பட்டு மேப் ஓரத்துக்கு நகர்ந்தபோது மூலையில் 1954 என்று இருந்தது. "ரொம்பப் பழசாட்டம் இருக்குதே," என்றேன்.

"கடை மாறும், வீடு மாறும். ரோடு எங்கக்கா போகப்போகுது?" என்று சிரித்தான்.

கொள்ளேகாலில் மணி இரண்டே கால். கணக்குப்படி மூன்றே முக்காலுக்கு ஊரில் இருந்துவிடலாம். எனக்கு அப்போது அவன்மேல் கோபம் இருந்தது, ஆனால் எல்லா அக்காமார்களுக்கும் இருக்கிற அளவுக்குத்தான். காமகெரே வரும்போதுதான் அவன் அதைக் கேட்டான்.

"அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்துச்சுன்னு போன்ல சொன்னியே."

"கடைசி மாசம் வந்துச்சு."

"அங்க ஒரு டாக்டர் ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். படுக்கைப் புண் வருதுன்னா சரியா பாத்துக்கலன்னுதான் அர்த்தமாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போட்டா வரவே வராதாம்." ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டுச் சொன்னான், "நீயே நர்ஸு. உனக்குத் தெரியாம இருக்காது."

மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு வருஷமாக நான் நர்ஸ். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து அவரைப் புரட்டினேன். பகல் டியூட்டி போனால் வீட்டுக்காரர் புரட்டினார். எண்பத்தோரு வயசு உடம்பு, தோல் எலும்பில் ஒட்டாத உடம்பு, சாப்பாடு இறங்காத உடம்பு. புண் வந்தது. வந்த அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். உடம்பு முழுக்க ஏதோ ஒன்று இறுகி நின்றுவிட்டது. வெறுப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவரை என்னிடம் இருந்ததெல்லாம் வெறும் மனத்தாங்கல்.

"அக்கா, பாரு. காமகெரே தாண்டினதும் இடது பக்கம் ஒரு ரோடு. நேரா அருளப்பன்தொட்டி. ஹனூர் சுத்த வேண்டாம். இருவது கிலோமீட்டர் மிச்சம்."

மடியில் பார்த்தேன். சிவப்புக் கோடாக அந்த ரோடு போயிற்று. அதன் நடுவில் கல்லுகட்டே என்று ஒரு ஊர் பெயர், பக்கத்தில் கோயில் அடையாளம், ஒரு ஓடை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஓடைதான் கரடிஹள்ளம். அதற்குக் குறுக்கே அணை கட்டி முடித்தது அறுபத்தைந்தில். அப்பா அங்கே கல் கட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயது, தலையில் சாந்துச் சட்டி சுமந்தேன். கல்லுகட்டே, கோயில், ரோடு எல்லாம் தண்ணீருக்குள் போனது. எரிக் அதற்கு அடுத்த வருஷம் பிறந்தவன். ஐந்து வயதில் ஹாஸ்டலில் விட்டது. ஊருக்கு வந்ததெல்லாம் ஐந்தாறு தடவை, அதுவும் ஹனூர் பஸ்ஸில் வந்து ஹனூர் பஸ்ஸில் போனது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது என்று வேண்டுமானால் தெரிந்திருக்கும். எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பான்.

அந்த வழி போகாதடா, முன்னால் தண்ணீர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மூச்சு போதும்.

நான் சொல்லவில்லை.

அவன் திருப்பினான். மணி மூன்று. எனக்குள் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது, பொய் சொல்லமாட்டேன். நான் அப்பா முகத்தைப் பார்த்தாயிற்று, குளிப்பாட்டியாயிற்று, தாடையைக் கட்டியாயிற்று. எனக்கு மிச்சம் ஒரு பிடி மண். அதை நாளைக்குக்கூடப் போட்டுக்கொள்வேன். இன்றைக்கு நாலு மணிக்குள் போனால்தான் முகம் என்கிற கட்டாயம் இவனுக்கு மட்டும்தான். துணியை என் வீட்டுக்காரர் போடட்டும். அவராவது புரட்டிப் போட்டவர்.

ரோடு முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தார் செதில் செதிலாகப் பெயர்ந்து, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் காரின்மேல் கீறியது. எதிரில் ஒரு வண்டி வரவில்லை. "பாத்தியா, டிராஃபிக்கே இல்ல," என்றான். ஒரு இடத்தில் சைக்கிளில் புல் கட்டோடு வந்த ஆள் இறங்கி நின்று, முன்னால் ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்தது. எரிக் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான். அமெரிக்காவில் அப்படித்தானாம், முன்பின் தெரியாதவன்கூடக் கையாட்டுவானாம்.

அப்போது ஒரு தடவை சொல்ல நினைத்தேன். இன்னும் திரும்பினால் நாலே காலுக்காவது போய்விடலாம், நாலு மணி என்றால் ஊரில் நாலரை வரை பார்ப்பார்கள். வாயைத் திறந்தேன்.

"நீ ஏன்க்கா எதுவும் பேசமாட்டேங்கற? நான் உன்னைக் குத்தம் சொல்லல. வசதி அவ்வளவுதான், நீ என்ன பண்ணுவ."

வாயை மூடிக்கொண்டேன். அவன் கொடுத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

மூன்று நாற்பதுக்கு ஒரு மேடு ஏறி இறங்கினோம். ரோடு நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. பலகை இல்லை, தடுப்பு இல்லை, தார் ரோடு அப்படியே சரிந்து உள்ளே இறங்கியது. மழை முடிந்த மாதம், அணை நிரம்பி, கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத் தண்ணீர். அவன் பிரேக்கை மிதித்தான். பாசியில் வழுக்கி முன் சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தன. ரிவர்ஸ் போட்டு மிதித்தான். சேறு வாரி அடித்தது, கார் இன்னும் ஒரு சாண் இறங்கியது, இன்ஜின் அணைந்தது.

என் மடியில் இருந்த திரையைப் பார்த்தான். சிவப்பு அம்பு ரோட்டின்மேல் சரியாக நின்றது. முன்னால் கல்லுகட்டே, கோயில், அதற்கப்பால் அருளப்பன்தொட்டி. திரையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"இது என்ன ஏரி?"

"கரடிஹள்ளம் அணை. அப்பா கட்டினது."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். என் பக்கம் முழுசாகத் திரும்பினான். காலையிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"இது இங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப தெரியும்? திரும்பறப்பவா, இப்பவா?"

"திரும்பறப்பவே."

வெளியே ஒரு நீர்க்காக்கை கூப்பிட்டது. நான் பதினாலு மாதத்தையும் மனதில் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன். அலாரம், கஞ்சி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து வீட்டுப் போனில் இவன் கூப்பிடுவான் என்று அப்பா அந்தப் பக்கத்துச் சுவரையே பார்த்துக் கிடந்தது, எல்லாவற்றையும்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலயே."

வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே போயிற்றோ. அவன் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சேற்றில் நின்று, காரைப் பின்னாலிருந்து இழுத்தான், முன்னாலிருந்து தள்ளினான். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. நானும் இறங்கித் தள்ளினேன். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தள்ளினோம். கார் அசையவில்லை. சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. ஒரே ஒரு பரிசல் கண்ணில் பட்டது, அதுவும் அக்கரையில் கவிழ்த்துக் கிடந்தது.

அப்போது மணி அடித்தது. சாவு மணி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு. காற்று அக்கரையிலிருந்து அடித்ததால் பக்கத்தில் அடிப்பதுபோல் கேட்டது. எரிக் நிமிர்ந்தான்.

எதிர்க்கரை அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கரைக்கு மேலே மேட்டில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. ஊர் அதற்குப் பின்னால், மறைவில். சுவரை ஒட்டி முதலில் ஒரு சிலுவை வந்தது. பிறகு கறுப்புக் குடைகள். பிறகு தோள்களுக்கு மேலே பெட்டி, நீளமாக, வெளிர் நிறமாக. மூடி தனியாகப் பின்னால் வந்தது. இன்னும் மூடவில்லை, மகன் வருவான் என்று திறந்தே தூக்கி வருகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"அப்பா," என்றான், சத்தமில்லாமல்.

பிறகு தண்ணீருக்குள் இறங்கினான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நான் நீந்தத்தான் போகிறான் என்று நினைத்தேன், அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவன் நீந்தவில்லை. நடந்தான். அடியில் ரோடு இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் தண்ணீருக்குள் கிடந்தும் கெட்டியாகத்தான் இருந்தது போலிருக்கிறது, தடுமாறாமல் நேராக நடந்தான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு.

"எரிக்கு, வேண்டாண்டா. திரும்பு," என்றேன். திரும்பவில்லை. நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி, "மாமா, மாமா," என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். எதிர்க்காற்று அதை என்னிடமே கொண்டுவந்து போட்டது. நானும் கத்தினேன். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, அன்றைக்குக் கூப்பிட்டேன். ஸ்டானிஸ்லாஸ், ஸ்டானிஸ்லாஸ் என்று அந்தத் தண்ணீருக்கு இந்தக் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தலைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. செத்துப்போன ரோட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று யார் பார்ப்பார்கள்.

காருக்கு ஓடினேன். உள்ளே கையை விட்டு ஹாரனை அழுத்தினேன். அழுத்தினபடியே நின்றேன். அந்தச் சத்தம் போயிற்று. தண்ணீர்மேல் போய், எதிர்க் குன்றில் பட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபடி சுற்றிலும் கேட்டது.

அக்கரையில் கூட்டம் அசைந்தது. பாட்டு நின்றது. யாரோ கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு பேர் குடையைப் போட்டுவிட்டு, வருகிற காரை எதிர்கொள்ள ஊருக்குள் ஓடினார்கள். பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் அதைக் கல்லறை வாசலில் இறக்கி வைத்தார்கள். பிறகு எல்லோரும், சாமியாரும் என் வீட்டுக்காரரும்கூட, எங்களுக்கு முதுகைக் காட்டி ஹனூர் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றார்கள்.